டெட் செல்ஸ்: முதல் பத்து ஆட்டங்களுக்கு ஒரு வழித்துணை

"மறுபடியும் முதல்லேருந்தாண்ணா?" என்றான் சித்தி பையன். திருப்பாப்புலியூர் வீட்டு மாடியில், டெட் செல்ஸ் என்ற வீடியோ கேமில், அன்றைக்கு அது என் ஏழாவது சாவு. ஆமாம், முதலிலிருந்துதான். ஆனால் அதே இடம் இல்லை.

பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டில் அலைந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தெரு அதே காந்தி வீதி. போன வாரம் செருப்பு குவிந்த இடத்தில் இந்த வாரம் சட்டை குவிந்திருக்கும். 1980-இல் வந்த 'ரோக்' விளையாட்டின் வழி வந்த ரோக்லைக் கேம்களும் இப்படித்தான்: ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வரைபடம் மாறும், செத்தால் கையிலிருப்பது போய்விடும். இதையே பக்கவாட்டில் ஓடி, குதித்து, வெட்டுகிற ஆட்டமாக்கியது பிரான்ஸில் உருவாகி 2018-இல் முழுமையாக வெளிவந்த டெட் செல்ஸ். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் சிபாரிசு அதுதான்.

படி 1: கையில் துருப்பிடித்த வாள் இருக்கும். கூடவே வில், கேடயம் இரண்டில் ஒன்றை எடுக்கலாம். வில்லை எடுங்கள். கேடயத்தைச் சரியான நொடியில் தூக்கினால்தான் முழுப் பலன். அதற்குக் கை பழக வேண்டும்.

படி 2: கண்டபடி வெட்டாதீர்கள். எதிரி அடிக்கும் முன் அவன் தலைக்கு மேல் ஆச்சரியக்குறி தோன்றும். முதல் லெவல் ஜாம்பியைப் பாருங்கள்: குறி வந்ததும் பாய்வான். பின்வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். அவனை நோக்கியே உருளுங்கள். உடம்பை ஊடுருவி மறுபக்கம் வந்துவிடலாம், முதுகு உங்களுக்கு. இந்த ஒன்று பழகவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

படி 3: சிவப்பு, ஊதா, பச்சை என மூன்று நிறத்தில் பலம் கூட்டும் சுருள்கள் கிடைக்கும். உங்கள் முக்கிய ஆயுதம் என்ன நிறமோ அதிலேயே கொட்டுங்கள். மூன்றுக்கும் நியாயமாகப் பங்கு போட்டேன், பாதி வழியில் எவனும் சாகவில்லை, நான்தான் செத்தேன்.

படி 4: எதிரிகளிடமிருந்து உதிரும் செல்களை லெவல் முடிவில் இருப்பவரிடம் கொடுத்து நிரந்தர வசதிகள் வாங்கலாம். அவரிடம் போய்ச் சேரும் முன் செத்தால் செல்கள் போச்சு. முதலில் மருந்துக் குடுவை, மற்றதெல்லாம் அப்புறம்.

படி 5: முதல் லெவலைத் தாண்டியதும் ஒரு கதவு இருக்கும், 2 நிமிடத்துக்குள் வந்தால்தான் திறக்கும். இப்போதைக்கு அதை மறந்துவிட்டு மூலை முடுக்கெல்லாம் தேடுங்கள். அடுத்த லெவலில் ஒரு பெரிய வில்லாளியை வீழ்த்தினால் கொடி முளைக்கவைக்கும் ரூன் என்ற மந்திரச் சக்தி கிடைக்கும். அது செத்தாலும் போகாது. அதுவரை வெறும் பச்சை உருண்டை என்று தாண்டிப்போனது ஏணியாகும், முதல் லெவலிலேயே சாக்கடைக்குப் போகும் இன்னொரு வழி திறக்கும். எனக்கு இந்தக் கேம் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான்.

போனில் ஆடுகிறவர்களுக்கு: தானாக அடிக்கும் வசதி உண்டு, வெட்கப்படாமல் போட்டுக்கொள்ளுங்கள். உருளும் பொத்தானை மட்டும் கட்டைவிரல் எட்டுகிற இடத்துக்கு நகர்த்திவிட்டுத் தொடங்குங்கள்.