பற்று நோட்டை வைத்து எஸ்கியூஎல் பழகலாம்

அட்டவணைகளில் சேமித்த தகவலைக் கேட்டு வாங்கும் மொழியான எஸ்கியூஎல்லைப் படிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே இடத்தைத்தான் காட்டுகிறார்கள். எதை எடுப்பது என்று சொல்லும் செலக்ட் புரிந்தது, எந்த வரிகள் என்று சொல்லும் வேர் புரிந்தது, வரிகளைக் குழுவாகப் பிரிக்கும் குரூப் பை வந்ததும் எது முன்னே எது பின்னே என்று தெரியாமல் மூடி வைத்துவிட்டேன் என்பார்கள். அந்த இடத்தைத் தாண்டத் தமிழே கை கொடுக்கும். எப்படி என்று கொஞ்ச நேரத்தில் வருகிறேன், முதலில் கருவி.

பழகுவதற்கு எஸ்கியூலைட் என்ற சின்ன டேட்டாபேஸ் (தகவல் சேமிப்பு) மென்பொருள் போதும். சர்வர், பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம், மொத்த டேட்டாபேஸும் ஒரே கோப்பு. உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்குள்ளேயும் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. கணினியில் 'டிபி பிரவுசர் ஃபார் எஸ்கியூலைட்' என்ற இலவச மென்பொருளை இறக்கி, புது டேட்டாபேஸ் ஒன்றைத் திறந்து, 'எக்ஸிக்யூட் எஸ்கியூஎல்' என்ற பக்கத்துக்குப் போங்கள். இனி எல்லாம் அங்கேதான்.

ஒரு விஷயம். கீழே கட்டளைகளை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் அவற்றை ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். பெரிய எழுத்தோ சின்ன எழுத்தோ, இரண்டும் ஒன்றுதான். ஆனால் அட்டவணைகளுக்கும் அவற்றின் பத்திகளுக்கும் (நெடுக்கு வரிசைகள்) தமிழிலேயே பெயர் வைக்கலாம், எஸ்கியூலைட் மறுப்புச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். அலுவலகத்தில் இப்படிச் செய்தால் திட்டு விழும், வீட்டில் பழகும்போது செய்யலாம்.

மளிகைக் கடை பற்று நோட்டை எடுத்துக்கொள்வோம். நோட்டில் ஒவ்வொரு வரியிலும் பெயர், தெரு, தேதி, பொருள், தொகை என்று எழுதினால் என்ன ஆகும்? செல்வி அக்கா வீடு மாறினால் அவர் பெயர் வரும் நாற்பது வரியிலும் தெருவைத் திருத்தணும், ஒரு வரி விட்டுப்போனாலும் அவருக்கு இரண்டு வீடு. அதனால் ஆட்கள் தனி அட்டவணை, பற்று தனி அட்டவணை, நடுவில் பாலமாக ஓர் எண். 1970-ல் ஐபிஎம்மின் எட்கர் காட் முன்வைத்த ரிலேஷனல் முறையில் இப்படித்தான், ஒரு அட்டவணையும் இன்னொன்றும் மதிப்பை வைத்தே தொடர்பு கொள்கின்றன.

கிரியேட் டேபிள் ஆட்கள் (எண் இன்டிஜர் பிரைமரி கீ, பெயர் டெக்ஸ்ட், தெரு டெக்ஸ்ட்);

கிரியேட் டேபிள் பற்று (எண் இன்டிஜர் பிரைமரி கீ, ஆள்_எண் இன்டிஜர், தேதி டெக்ஸ்ட், பொருள் டெக்ஸ்ட், தொகை இன்டிஜர்);

இன்டிஜர் என்றால் முழு எண், டெக்ஸ்ட் என்றால் எழுத்து, பிரைமரி கீ என்றால் ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியான அடையாளம். தேதியை டெக்ஸ்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், எஸ்கியூலைட்டில் தேதிக்கென்று தனி வகை கிடையாது. வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் '2025-01-03' போல எழுதினால் அகர வரிசையும் கால வரிசையும் ஒன்றாகவே அமையும். நாளை முதலில் எழுதினால் எல்லாம் குழம்பும்.

இன்சர்ட் இன்டூ ஆட்கள் வேல்யூஸ் (1, 'செல்வி', 'மேலத்தெரு'), (2, 'முருகன்', 'மேலத்தெரு'), (3, 'பாத்திமா', 'கீழத்தெரு'), (4, 'அந்தோணி', நல்);

இன்சர்ட் இன்டூ பற்று (ஆள்_எண், தேதி, பொருள், தொகை) வேல்யூஸ் (1, '2025-01-03', 'அரிசி', 240), (3, '2025-01-05', 'எண்ணெய்', 650), (2, '2025-01-09', 'பருப்பு', 120), (1, '2025-01-11', 'புளி', 180), (1, '2025-01-20', 'சர்க்கரை', 90);

அந்தோணியின் தெரு தெரியாததால் அங்கே நல் போட்டிருக்கிறேன், அதைப் பற்றிப் பிறகு. எழுத்தாக உள்ள மதிப்புக்கு ஒற்றை மேற்கோள் குறிதான். வாட்ஸ்அப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் சில சமயம் வளைந்த குறி வந்து உட்கார்ந்துகொள்ளும், பிழை எங்கே என்று அரைமணி நேரம் தேடுவீர்கள்.

சரி, முதல் கேள்வி. மேலத்தெருவில் யார் யார்?

செலக்ட் பெயர் ஃப்ரம் ஆட்கள் வேர் தெரு = 'மேலத்தெரு';

செல்வி, முருகன் என்று இரண்டு பேர் வருவார்கள். இப்போது வரிசையைக் கவனியுங்கள். 1970களில் ஐபிஎம்மில் சேம்பர்லினும் பாய்ஸும் இந்த மொழியை உருவாக்கியபோது அது ஆங்கிலம் மாதிரி படிக்க வரணும் என்று நினைத்தார்கள், முதலில் வைத்த சீக்வல் என்ற பெயருக்குள்ளேயே 'இங்கிலீஷ்' ஒளிந்திருந்தது. ஆங்கிலத்தில் ஏவல் வினை முன்னால் நிற்கும், அதனால் செலக்ட் முன்னால் நிற்கிறது. ஆனால் விடை உருவாவது அந்த வரிசையில் இல்லை. எந்த அட்டவணை என்பது முதலில், எந்த வரிகள் என்பது அடுத்து, எதை எடுப்பது என்பது அப்புறம்தான். 'ஆட்கள் அட்டவணையிலிருந்து, மேலத்தெருவில் இருப்பவர்களின் பெயரை எடு.' அட, இது நாம் பேசுகிற வரிசை! வினை கடைசியில்.

குரூப் பை இங்கேதான் வழிக்கு வரும். ஜனவரி முதல் 200 ரூபாய்க்கு மேல் பற்று வைத்தவர்கள் யார் என்று கேட்க வேண்டும். எடுத்த எடுப்பில் செலக்ட் என்று அடிக்காமல் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ஆட்களையும் பற்றையும் எண்ணால் இணைத்து, ஜனவரி 1 முதலான வரிகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஆள்வாரியாகப் பிரித்து, கூட்டுத்தொகை 200-ஐத் தாண்டியவர்களின், பெயரையும் தொகையையும் எடுத்து, பெரியது முதலாக அடுக்கு. டேட்டாபேஸ் உள்ளுக்குள் வேகத்துக்காக என்ன குறுக்கு வழி எடுத்தாலும் விடை இந்த வரிசைப்படி வந்ததாகத்தான் இருக்கும். எழுதும்போது மட்டும், 'எடு' என்பதைத் தூக்கி முன்னால் வைக்கிறோம்.

செலக்ட் ஆட்கள்.பெயர், சம்(பற்று.தொகை)
ஃப்ரம் ஆட்கள்
ஜாயின் பற்று ஆன் பற்று.ஆள்_எண் = ஆட்கள்.எண்
வேர் பற்று.தேதி >= '2025-01-01'
குரூப் பை ஆட்கள்.எண்
ஹேவிங் சம்(பற்று.தொகை) > 200
ஆர்டர் பை சம்(பற்று.தொகை) டெஸ்க்;

கடைசியில் உள்ள டெஸ்க், 'டிசெண்டிங்' என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்து, பெரியது முதலாக என்று அர்த்தம். விடை: பாத்திமா 650, செல்வி 510. முருகனின் 120 தேறவில்லை. 200 என்ற நிபந்தனையை ஏன் வேர் பகுதியிலேயே போடக்கூடாது என்று எல்லோரும் ஒருமுறை கேட்பார்கள். போட்டால் பிழை வரும். தமிழ் வாக்கியத்தில் பார்த்தாலே காரணம் தெரிகிறது, வரிகளை வடிக்கிற கட்டத்தில் இன்னும் ஆள்வாரியாகப் பிரிக்கவே இல்லை, கூட்டுத்தொகை எங்கிருந்து வரும்? இன்னொன்று, பெயரை வைத்துப் பிரிக்காமல் எண்ணை வைத்துப் பிரித்திருக்கிறேன். ஊரில் இன்னொரு செல்வி வந்து பற்று வைக்கும் நாளில் இதன் அருமை தெரியும்.

அந்தோணி எங்கே என்று கேட்டீர்களா? அவர் பற்றே வைக்கவில்லை, சாதாரண ஜாயின் இரண்டு பக்கமும் ஜோடி கிடைத்தவர்களை மட்டும்தான் காட்டும். மேலே உள்ளதில் வேர், ஹேவிங் இரண்டு வரிகளையும் எடுத்துவிட்டு ஜாயினுக்கு முன்னால் லெஃப்ட் என்று சேர்த்து ஓட்டுங்கள், அவரும் வருவார், தொகை இடத்தில் நல் இருக்கும். வேர் வரியை விட்டுவைத்தால் வரமாட்டார், தேதியே இல்லாதவர் தேதிச் சோதனையில் தேறுவது எப்படி?

இந்த நல் இருக்கிறதே, தமிழில் எழுதினால் மங்களகரமாகத்தான் தெரிகிறது, தொல்லை முழுக்க அதில்தான். அது பூஜ்யமும் இல்லை, வெற்றுச் சொல்லும் இல்லை, 'தெரியாது' என்று அர்த்தம். அந்தோணியின் தெரு நமக்குத் தெரியாது. தெரு = 'மேலத்தெரு' என்று கேட்டால் இரண்டு பேர், தெரு <> 'மேலத்தெரு' என்று கேட்டால் பாத்திமா ஒருவர். கூட்டினால் மூன்று, அட்டவணையில் நான்கு! தெரியாத தெரு மேலத்தெருதானா என்று கேட்டாலும், இல்லையா என்று கேட்டாலும் பதில் 'தெரியாது'தான், வேர் 'ஆம்' என்ற வரிகளை மட்டுமே விடும். அவரைப் பிடிக்க, தெரு இஸ் நல் என்று எழுத வேண்டும், சமக்குறி போட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். கணக்கு ஒன்றிரண்டு குறைந்து வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்.

கடைசியாக அப்டேட், ஏற்கெனவே இருக்கும் வரிகளை மாற்றும் கட்டளை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவருடைய போன் நம்பரை மாற்றப் போய், வேர் பகுதியை விட்டுவிட்டு ஓட்டி, அட்டவணையில் இருந்த அத்தனை பேருக்கும் ஒரே நம்பரைக் கொடுத்தவன் நான். முந்தின இரவு எடுத்த பேக்கப் காப்பாற்றியது. அன்றிலிருந்து முதலில் அதே வேர் பகுதியோடு செலக்ட் ஓட்டி எத்தனை வரி வருகிறது என்று பார்க்கிறேன், நினைத்த எண்ணிக்கை வந்தால் மட்டும் செலக்டை அழித்துவிட்டு அப்டேட் எழுதுகிறேன். டெலீட்டுக்கும் இதேதான். பெரிய டேட்டாபேஸ்களில் பிகின் என்று தொடங்கி, தப்பானால் ரோல்பேக் (பழையபடி ஆக்கும்), சரியானால் கமிட் (பதிந்துவிடும்).

டிபி பிரவுசரில் 'ரைட் சேஞ்சஸ்' அழுத்தும்வரை எதுவும் கோப்பில் பதியாது. இதுவரை செய்ததை அழுத்திப் பதிந்துவிட்டு, வேண்டுமென்றே ஒருமுறை இதை ஓட்டுங்கள்:

அப்டேட் ஆட்கள் செட் தெரு = 'மேலத்தெரு';

நாலு பேரும் ஒரே தெருவுக்குக் குடிவந்திருப்பார்கள். நன்றாகப் பார்த்துவிட்டு 'ரிவர்ட் சேஞ்சஸ்' அழுத்துங்கள்.