வீட்டுக்குள் பெரிய பூரான் வந்தால்

பூரானின் உடலுக்கு ஈரம் காக்கும் மெழுகுப் பூச்சு சரியாக இல்லை. வறண்ட இடத்தில் காய்ந்துவிடும். அதனால்தான் குளியலறை, சாக்கு, கற்குவியல் என்று தேடிப் போகிறது, பெரும்பாலும் இரவில் வேட்டையாடுகிறது.

பிடிக்க அகல வாய் பிளாஸ்டிக் டப்பா போதும். உயரம் பூரானின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும்; குட்டையான டப்பாவில் பின்கால்களை ஊன்றி எழும்பி விளிம்பைப் பிடித்துவிடும். டப்பாவைக் கவிழ்த்து, அடியில் கெட்டி அட்டையை மெதுவாகச் செருகி, அட்டையோடு நிமிர்த்துங்கள். துடைப்பத்தால் அடித்தால் துடைப்பத்தின் மேலேயே கைக்கு ஓடி வரும். இடுக்கியால் இழுத்தால் கால் கழன்றுபோகும் (தோலுரிக்கும்போது திரும்ப முளைக்கும்). சுருண்டு முட்டைகளைக் காக்கும் தாயை அங்கேயே விடுங்கள். கலைத்தால் முட்டைகளைத் தானே தின்றுவிடக்கூடும்.

கடிப்பது வாய் அல்ல, நச்சுக் கொடுக்காக மாறிய முதல் ஜோடிக் கால்கள். கடித்த இடத்தைச் சோப்பால் கழுவி, கை தாங்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மிகாமல், வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள், வலி தணியும். கீறுவது, உறிஞ்சுவது இரண்டும் வீண் வேலை. மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.