கேஸ் வால்வு: இருக்க வேண்டிய இடமும் சோதிக்கும் முறையும்

குழாய் வழியாக கேஸ் வரும் வீட்டில், மொத்த இணைப்பையும் நிறுத்த மீட்டர் பக்கத்தில் ஒரு வால்வும், அடுப்பு, வாட்டர் ஹீட்டர் ஒவ்வொன்றுக்கும் தனி வால்வும் வேண்டும். தனி வால்வு அதே அறையில் கைக்கு எட்ட வேண்டும். அடுப்பை இழுத்தால்தான் தெரியும் என்றால் அவசரத்துக்கு அது உதவாது. முக்கியமாக, அடுப்பை இணைக்கும் வளையும் குழாயான ஹோஸுக்கு முன்னால், இரும்பு அல்லது செம்புக் குழாய் முடியும் இடத்தில் அது வர வேண்டும். ஹோஸைத் தாண்டி அடுப்புப் பக்கம் வால்வு இருந்தால், ஹோஸ் கசியும்போது அதை மூடியும் பயனில்லை.

கேஸுக்கென்றே முத்திரையிட்ட, கால் சுற்றில் மூடும் பால் வால்வு வாங்குங்கள். பார்க்க ஒன்றுபோல் இருக்கிறதே என்று தண்ணீர் வால்வைப் போடவே கூடாது; அதன் சீல் கேஸுக்காகச் சோதிக்கப்பட்டதல்ல. கைப்பிடி குழாயின் திசையிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. பாதியில் விடாதீர்கள். தீயைக் கூட்டிக் குறைக்க அடுப்பில் திருகு இருக்கிறது.

பொருத்துவது உரிமம் பெற்ற ஃபிட்டரின் வேலை. நீங்கள் பக்கத்தில் நின்று இரண்டைக் கவனியுங்கள். நட்டை முறுக்கும்போது வால்வை இன்னொரு ஸ்பேனரால் பிடித்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த விசை பின்னால் போய், சுவருக்குள் இருக்கும் இணைப்பைத் தளர்த்திவிடும். முனை நோக்கிக் குறுகும் கூம்பு மரைக்கு, கசிவை அடைக்கும் கேஸ் டேப் சுற்றலாம். உலோகத்தோடு உலோகம் அழுந்தி அடைக்கும் ஃப்ளேர் இணைப்புக்குச் சுற்றக் கூடாது.

பிறகு சோதனை. அடுப்புத் திருகுகளை மூடி, வால்வைத் திறந்து, கைப்பிடியின் அடியிலும் இரண்டு முனைகளிலும் ஹோஸ் நெடுகிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி பெரிதாகிக்கொண்டே போனால் கசிவு. தீக்குச்சி வேண்டவே வேண்டாம். அம்மோனியா கலந்த சோப்பும் வேண்டாம், பித்தளையில் வெடிப்பு விழும். சோதித்ததும் துடைத்துவிடுங்கள்.

வெளியே கசியாத வால்வு உள்ளே கசியலாம், இதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஒரு பர்னரை ஏற்றிவிட்டு வால்வை மூடுங்கள். குழாயில் மிச்சமுள்ள கேஸ் எரிந்ததும் தீ அணைய வேண்டும். சில நிமிடமாகியும் சின்னச் சுடர் நின்றால் வால்வை மாற்றியே ஆக வேண்டும். அணைந்தால், முதலில் பர்னர் திருகை மூடிவிட்டு அப்புறம் வால்வைத் திறங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள். இறுகிப்போயிருந்தால் சுத்தியலால் தட்டாமல் ஃபிட்டரை அழையுங்கள். அடுப்பை எடுத்துவிட்டால், வால்வை மூடினால் மட்டும் போதாது. குழந்தை கை பட்டாலும் திறந்துகொள்ளும், முனையில் உலோக மூடி போட வேண்டும்.

வாடை பலமாக வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். போகிற வழியில் வால்வு இருந்தால் மூடி, கதவைத் திறந்து எல்லோரும் வெளியேறுங்கள். வெளியே போய்த்தான் போன் செய்ய வேண்டும். மீட்டர் வால்வை மூடியிருந்தால் நீங்களாகத் திறக்காதீர்கள். பர்னரைப் பற்றவைக்க எப்போதும் எரியும் சின்னப் பைலட் சுடர்கள் அணைந்திருக்கும், திறந்ததும் பழைய ஹீட்டர்களில் எரியாத கேஸ் அறைக்குள் வரும். கேஸ் நிறுவனத்தார் வந்து சோதித்துத் திறக்கட்டும்.