சீட்டு போடும்முன் யாரை, எதை நம்புவது?

ஏலச்சீட்டில் சேரப் போகிறீர்களா, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 20 பேர், ஆளுக்கு மாதம் 5,000, மொத்தம் ஒரு லட்சம். அவசரத் தேவை உள்ள ஒருவர் ஏலத்தில் 20,000 தள்ளி, அதாவது அவ்வளவை விட்டுக்கொடுத்து, 80,000-க்கு எடுக்கிறார். அந்த 20,000-இல் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி இருபது பேருக்கும் பிரியும், தலைக்கு 750. ஆக அந்த மாதம் 4,250 கட்டினால் போதும். சரி, மூன்றாம் மாதமே எடுத்துப் போனவர் மீதி 17 மாதமும் கட்ட வேண்டுமே, அவரைக் கட்ட வைப்பது எது?

பெரும்பாலும் தெருவில் தலைகாட்ட வேண்டுமே என்ற கூச்சம்தான். அதனால் நடத்துபவர் எவ்வளவு நல்லவர் என்று விசாரிப்பதோடு நிறுத்தாதீர்கள், கூடச் சேர்பவர்கள் யார் யார் என்று கேளுங்கள். பட்டியலைக் காட்டத் தயங்கினால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம். ஒரே ஆள் நாலு பெயரில் நாலு சீட்டு போட்டிருந்தாலும் அப்படித்தான்.

அப்புறம் காகிதம். 1982 சிட் ஃபண்டு சட்டப்படி, சீட்டு தொடங்க முன் அனுமதியும் பதிவும் வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பதிவுத்துறை பார்க்கிறது. நடத்துபவர் சீட்டு மதிப்புக்கு ஈடான பிணையும் வைக்க வேண்டும். கமிஷன் உச்சவரம்பு 5 சதவீதமாக இருந்தது, 2019 திருத்தத்தில் 7 ஆனது. தெருச்சீட்டுகளில் பதிவாவது ஒன்றாவது, அது எல்லோருக்கும் தெரியும். அப்படியே சேர்வதென்றாலும், கட்டும் ஒவ்வொரு முறையும் உங்கள் நோட்டில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். "என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டால், "உங்க மேல இருக்குக்கா, என் ஞாபகத்து மேலதான் இல்லை" என்று சொல்லிவிட்டு நோட்டை நீட்டுங்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். எங்கள் தெருவில் ஒரு அக்கா மாதாமாதம் 10-ஆம் தேதி திண்ணையில் உட்கார்ந்து எல்லோர் முன்னாலும் ஏலம் விடுவார். ஒரு மாதம் "மழை, போன்லயே முடிச்சிடலாம்" என்றார். அதன்பிறகு மழை இல்லாத மாதங்களிலும் போன்தான். யார் எடுத்தார் என்று கேட்டால் நமக்குத் தெரியாத ஒரு பெயர் வரும். நாலு மாதத்தில் வீட்டில் பூட்டு. சட்டமே ஏலத்தின்போது குறைந்தது இரண்டு உறுப்பினர்களாவது இருக்க வேண்டும் என்கிறது, காரணம் இதுதான். ஏலம் கண்முன் நடக்காத முதல் மாதமே கேட்டுவிடுங்கள், கூச்சப்பட்டு நான் விட்டது 38,000.

நீங்கள் சீட்டு எடுத்தால் மறுமாதம் முதல் ஆளாகப் போய்க் கட்டுங்கள். பழைய சீட்டு ஒன்றில் இட்லிக் கடைக்காரர் ஒருவர் இருந்தார், இரண்டாம் மாதமே எடுத்தவர். ரப்பர் பேண்டு போட்ட பத்து ரூபாய்க் கட்டுகளாகக் கொண்டுவருவார், எண்ணி முடிக்கவே கால் மணி நேரம் ஆகும். அவர் வந்துவிட்டாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் பர்ஸைத் திறப்பார்கள்.