மூங்கில் தட்டிக்குச் செருப்பும் வேண்டும், குடையும் வேண்டும்

எங்கள் வீட்டுக் கொல்லை 12 அடிக்கு 18 அடி. துவைக்கிற கல், ஒரு முருங்கை, செப்டிக் டேங்க் மூடி எல்லாம் போக, இரண்டு நாற்காலியும் ஒரு ஸ்டூலும் போட இடமிருக்கும். பின்வீட்டுக்காரர்கள் மாடி எழுப்பிய பிறகு அந்த நாற்காலிகள் சும்மாவே கிடந்தன. சாயங்காலம் காபி டம்ளரோடு போய் உட்கார்ந்தால், மேலே ஜன்னலிலிருந்து யாரோ பார்ப்பது போல ஒரு கூச்சம். உண்மையில் பார்த்தார்களோ இல்லையோ, அந்த நினைப்பு வந்துவிட்டால் காபி ருசிக்காது. மூங்கில் தட்டி கட்டிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்து அன்று இருட்டுவதற்குள் முடித்தேன். அது இரண்டு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. இப்போது நிற்பது இரண்டாவது தட்டி. முதலாவதில் நான் செய்த தவறுகளையும், பிறகு உறவுக்காரர்கள் வீடுகளில் பார்த்த தவறுகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மதிலோரமாகச் சுற்றி அடைப்பது

தட்டி என்றதும் எல்லோர் கையும் மதில்சுவருக்குத்தான் போகிறது. மூன்று பக்கமும் சுவரோடு சுவராக உயர்த்திக் கட்டிவிடுகிறோம். சின்ன இடத்தில் இப்படிச் செய்தால் கிடைப்பது ஒதுக்கமான மூலை அல்ல, மாட்டுக்கொட்டில். வெளிச்சம் குறைகிறது, காற்று நிற்கிறது, கொசு குடியேறுகிறது.

மறைக்க வேண்டியது கொல்லையை அல்ல, உட்கார்ந்திருக்கும் ஆளை. இதை ஒரு சின்னக் கணக்கால் பார்க்கலாம். நாற்காலியில் உட்கார்ந்தால் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 4 அடி உயரத்தில் இருக்கும். எதிர்மாடி ஜன்னல் 16 அடி உயரத்திலும், நாற்காலியிலிருந்து 24 அடி தள்ளியும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பார்வைக்கோடு 24 அடி தூரத்துக்குள் 12 அடி ஏறுகிறது, அதாவது 2 அடிக்கு 1 அடி. நாற்காலியிலிருந்து 12 அடி தள்ளி மதிலோரம் தட்டி நிறுத்தினால் அது 10 அடி உயரம் இருந்தால்தான் ஜன்னல் மறையும். அதே தட்டியை 4 அடி தூரத்துக்குக் கொண்டுவந்தால் 6 அடி உயரம் போதும். மூங்கிலும் கூலியும் மிச்சம், காற்றுக்குப் பயமும் பாதிக்கு மேல் குறையும்.

அதனால் முதல் வேலை கடைக்குப் போவதல்ல. நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். எந்த ஜன்னல் கண்ணில் படுகிறது என்று பாருங்கள். வீட்டில் ஒருவரைத் துவைத்த வேட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடக்கச் சொல்லுங்கள். ஜன்னல் மறையும் இடம்தான் தட்டியின் இடம். எங்கள் வீட்டில் அது 5 அடி அகலத்தில் ஒரே ஒரு தட்டியோடு முடிந்துவிட்டது. முதல் முறை நான் கட்டியது 30 அடிக்கு மேல்.

காற்று வரும் பக்கத்தை ஒருபோதும் முழுசாக அடைக்காதீர்கள். சென்னையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வரும். கோவைப் பக்கம் ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வீசும். அந்தப் பக்கத்தில் மறைப்பு தேவைப்பட்டால் பிளாச்சுக்குப் பிளாச்சு (பிளாச்சு என்றால் பிளந்த மூங்கில் பட்டை) ஒரு விரல் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். உள்ளே நிழலும் வெளியே வெயிலும் இருக்கும்போது அந்த இடைவெளி வழியே வெளியிலிருப்பவருக்கு ஒன்றும் சரியாகத் தெரியாது. இரவில் உள்ளே விளக்கைப் போட்டால் நிலைமை தலைகீழ். அதனால் விளக்கைத் தலைக்கு மேலே தொங்கவிடாமல் தாழ்வாக வைக்கலாம்.

மண்ணில் ஊன்றுவது

என் தட்டியைக் கொன்றது இந்தத் தவறுதான். மூங்கில் கழியை ஒன்றரை அடி ஆழத்தில் ஊன்றி, மண்ணைக் கெட்டித்து, பெருமையாகக் கையைத் தட்டிக்கொண்டேன். அடுத்த வருஷம் பொங்கலுக்குக் கொல்லையைக் கழுவும்போது ஒரு கழி கையோடு வந்துவிட்டது. மண்ணுக்குள் இருந்த பகுதி ஈரப் புகையிலை மாதிரி கறுத்து நாராகியிருந்தது. இன்னொன்றில் கரையான் புற்று முழங்கால் உயரம் ஏறியிருந்தது.

தேக்கின் வைரத்துக்கு, அதாவது முற்றிய நடுக்கட்டைக்கு, பூஞ்சையையும் பூச்சியையும் தானே விரட்டும் குணம் உண்டு. மூங்கிலுக்கு அப்படி எதுவும் கிடையாது. அதன் சதையில் இருப்பது மாவுச்சத்து. பூஞ்சைக்கும் கரையானுக்கும் அது விருந்து. பக்குவம் செய்யாத மூங்கில் மண்ணைத் தொட்டு நின்றால் அதன் ஆயுள் 1 முதல் 3 ஆண்டுகள். கூரைக்கு அடியில், ஈரம் படாமல் இருந்தால் அதே மூங்கில் அதைவிடப் பல மடங்கு காலம் நிற்கும்.

அப்படியானால் கான்கிரீட்டில் ஊன்றலாமே என்பார்கள். அதுவும் தவறுதான். ஈரக் கலவையில் மூங்கில் தண்ணீரைக் குடித்து உப்பும். கலவை இறுகிய பிறகு மூங்கில் காய்ந்து சுருங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு வளையம்போல இடைவெளி விழும். மழைநீர் அதில் இறங்கி நிற்கும். மண்ணிலாவது தண்ணீர் வடியும், இது கிண்ணம்.

இரண்டாவது தட்டிக்கு ஆள் தேடியபோது, கூடை முடைகிற ஒரு பெரியவர் வந்து பழைய கழிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, மூங்கிலுக்குக் காலுல செருப்பு போடணும், தலையில குடை பிடிக்கணும். நடுவுல வெயில் படட்டும், ஒண்ணும் ஆகாது.”

செருப்பு என்றால் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். கான்கிரீட்டில் பைப்பை நட்டு, தட்டியை அதில் கட்ட வேண்டும். தட்டியின் அடி தரையிலிருந்து 3 அங்குலமாவது தூக்கி நிற்க வேண்டும், மழை தெறிக்கும் இடமென்றால் இன்னும் கூட. கிராமத்தில் வேலிக்கு நடும் கருங்கல் கால் கிடைத்தால் இன்னும் நல்லது. பைப்பின் பளபளப்பு கண்ணை உறுத்தினால் முன்னால் ஒரு கழியை வைத்து மறைத்துவிடலாம். சுவரை ஒட்டித் தட்டி வைப்பவர்களும் 2 அங்குலம் இடைவெளி விடுங்கள். சுவரோடு ஒட்டிக்கொண்டால் பின்புறம் காயாது. தேளும் பூரானும் குடிவரும்.

குடை விஷயம் பலருக்குத் தோன்றுவதே இல்லை. கழியை இஷ்டப்பட்ட இடத்தில் அறுத்தால் மேலே ஒரு குழல் வாய் திறந்து நிற்கும். மழைநீர் அடுத்த கணு வரை இறங்கித் தேங்கும். அழுகுவது ஒருபக்கம் இருக்கட்டும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் இனக் கொசு முட்டையிடத் தேடுவதே இப்படிப்பட்ட சின்னத் தண்ணீர்க் குழிகளைத்தான். வெட்டிய மூங்கில் கட்டைகளில் அது பெருகுவது நன்றாகத் தெரிந்த விஷயம். கணுவுக்கு மேலே ஒட்டினாற்போல அறுங்கள். கணுவின் தட்டே மூடியாகிவிடும். தவறாக அறுத்துவிட்டால் சிமெண்டு வைத்து அடையுங்கள். தட்டியின் தலை நெடுக ஒரு பருத்த மூங்கிலைப் பாதியாகப் பிளந்து ஓடு மாதிரி கவிழ்த்துவிட்டால் அழகும் கூடும், மழையும் வழிந்துவிடும்.

பச்சை மூங்கிலை அப்படியே கட்டுவது

பச்சை நிறம் பார்க்க அழகுதான். ஆனால் அது காயும்போது சுருங்கும், நீங்கள் இழுத்துக் கட்டிய கட்டெல்லாம் தளர்ந்துவிடும். கழியும் நீளவாட்டில் வெடிக்கும். சில மாதம் கழித்துத் தட்டிக்குக் கீழே மஞ்சளாக மாவு கொட்டினால், உள்ளே வண்டு துளைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது தேடி வருவதும் அதே மாவுச்சத்தைத்தான்.

தேய்பிறையில் வெட்ட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நிலாவைவிடப் பருவமும் வயதும் முக்கியம் என்பது என் எண்ணம். மூன்று வயதாவது ஆன, முற்றிய கழி வேண்டும். இளங்கழியில் உறையும் வெண்பொடியும் ஒட்டியிருக்கும். முற்றியது பாசித்திட்டு படிந்து மங்கலாக இருக்கும். தட்டினால் கணீரென்று கேட்கும். கல்மூங்கில் கிடைத்தால் விடாதீர்கள், சதை தடிப்பு, குழல் சிறிது.

ஊரில் மூங்கிலை வாரக்கணக்கில் குளத்தில் ஊறப்போடுவதன் காரணம் மாவுச்சத்தைக் கரைத்து வெளியேற்றுவதுதான். குளம் இல்லாதவர்களுக்குப் போராக்ஸும் போரிக் அமிலமும் இருக்கின்றன. 100 லிட்டர் தண்ணீருக்கு 3 கிலோ போராக்ஸ், 2 கிலோ போரிக் அமிலம். முதலில் வெந்நீரில் கரைத்துக்கொண்டு பிறகு தண்ணீரோடு சேர்க்க வேண்டும். பிளந்த பிளாச்சுகளைச் சில நாள் ஊறவைத்து, நிழலில் நிறுத்திக் காயவையுங்கள். முழுக்கழி என்றால் உள்ளே கணுத்தட்டுகளைத் துளைத்தால்தான் கரைசல் ஏறும். மிச்சக் கரைசலைச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள், போரான் அதிகமானால் இலை கருகும். குழந்தைகள், நாய் பக்கத்தில் வரக் கூடாது.

இங்கேதான் அடுத்த தவறு வருகிறது. இந்த உப்பு மழையில் கரைந்து வெளியேறிவிடும். ஊறவைத்தாயிற்று என்று நிம்மதியாக விட்டால் மழைக்கு மழை பாதுகாப்பு குறைந்துகொண்டே போகும். மேலே ஒரு பூச்சு கட்டாயம். அதையும் சரியாகப் பூச வேண்டும். மூங்கிலின் வெளித்தோல் மெழுகும் சிலிக்காவும் கொண்டது, எனவே வீட்டுக் கதவுக்கு அடிக்கும் வார்னிஷ் அதில் ஒட்டாமல் செதில் செதிலாக உரியும். உப்புத்தாள் போட்டு லேசாகத் தேய்த்துவிட்டு, வெளிப்புறத்துக்கான பூச்சை அடியுங்கள். அறுத்த முனைகளுக்கும் பிளந்த உட்பக்கத்துக்கும் இரண்டு மூன்று கை கூடுதலாகப் பூசுங்கள். தண்ணீர் ஏறுவது அங்கேதான், பளபளக்கும் வெளித்தோல் வழியாக அல்ல. மரப்படகுகளுக்குப் பூசும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயும் நன்றாக வேலை செய்யும், நிறம் கறுக்கும். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், தோல் பொத்துவிடும்.

எப்படிப் பூசினாலும் ஒரு வருஷத்தில் வெயில் அதைச் சாம்பல் நிறமாக்கத்தான் செய்யும். எனக்கு அந்தச் சாம்பல் நிறம் பிடிக்கும். என் மனைவிக்குப் பிடிக்காது. அதனால் வருஷா வருஷம் எண்ணெய் பூசுகிறோம்.

காற்றை மறப்பது

6 அடி உயரம், 10 அடி நீளம் உள்ள அடர்ந்த தட்டி என்பது பாய்மரம்தான். மணிக்கு 50 கிலோமீட்டர் காற்றில் அதன்மேல் விழும் அழுத்தம் சுமார் 65 கிலோ. வேகம் இரட்டித்து 100 ஆனால் அழுத்தம் நாலு மடங்காகி 260 கிலோவைத் தொடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது வீசிய காற்று அதற்கும் மேல். ஆகவே தட்டியை நிரந்தரமாகப் பூட்டாதீர்கள். கொக்கியில் மாட்டி, புயல் அறிவிப்பு வந்ததும் கழற்றிப் படுக்கப் போடும்படி அமையுங்கள். மொட்டைமாடியில் வைப்பவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

நேராக ஆணி அடித்தால் மூங்கில் பிளக்கும். கணுவுக்குப் பக்கத்தில் டிரில்லால் துளையிட்டு போல்ட் போடுங்கள். சாதாரணக் கட்டுக்கம்பி ஒரே மழைக்காலத்தில் துருவேறி அறும், ஜிஐ கம்பி வாங்குங்கள். கடையில் சுருட்டி விற்கிற மெல்லிய மூங்கில் திரையை வெளியே தொங்கவிடுவதும் வீண்செலவுதான். சிம்பு நன்றாகவே இருக்கும், அதைக் கோத்த நூல் வெயிலில் இற்று, ஒருநாள் காலையில் எல்லாம் ஈர்க்குக் குவியலாகத் தரையில் கிடக்கும்.

இன்னும் சில உண்டு. செப்டிக் டேங்க் மூடி, சம்ப், மோட்டார் ஆகியவற்றுக்குப் போகும் வழியை மறைத்துவிட்டு, லாரி வந்து நிற்கும் நாளில் தட்டியைப் பிரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏசியின் வெளி யூனிட்டுக்கு முன்னால் தட்டி வைத்தால் வெப்பக்காற்று திரும்பி அதற்குள்ளேயே போகும். தட்டியின்மேல் ரங்கூன் மல்லியோ காகிதப்பூவோ ஏற்றாதீர்கள், இரண்டு வருஷத்தில் கொடியின் கனம் தட்டியைச் சாய்த்துவிடும், சங்குப்பூ போதும். மதில் பொதுச்சுவர் என்றால் அதில் ஒரு கொக்கி அடிப்பதற்கு முன்பே பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். காய்ந்த மூங்கில் நன்றாக எரியும் என்பதால் தீபாவளியன்று தட்டியை நனைத்துவிடுங்கள், கார்த்திகை அகலைத் தள்ளியே வையுங்கள்.

புரட்டாசி கடைசியில், மழை தொடங்குமுன், ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன். தளர்ந்த கட்டுகளை முறுக்குவது, ஒவ்வொரு கழியையும் தட்டிக் கேட்பது, முனைகளுக்கு எண்ணெய் வைப்பது. முதல் தட்டியில் உளுக்காமல் தப்பிய நாலு பிளாச்சு இப்போது அவரைக்குக் கொழுகொம்பாக நிற்கிறது. அவற்றின் காலும் மண்ணில்தான் இருக்கிறது. ஒரு போகம் தாங்கினால் போதும்.