டிஷ்வாஷர் பொடியில் என்ன இருக்கிறது, எப்படிக் கழுவுகிறது

குடிவந்த வீட்டில் டிஷ்வாஷர் (பாத்திரம் கழுவும் இயந்திரம்) இருக்கிறதா? கையால் தேய்க்கும் திரவ சோப்பை மட்டும் அதில் ஊற்றிவிடாதீர்கள். ஒரு கரண்டி போதும், நுரை பொங்கித் தரைக்கு வந்துவிடும். பம்பும் தண்ணீரோடு காற்றை இழுப்பதால் பீச்சும் வேகம் குறையும். டிஷ்வாஷர் பொடியில் நுரைக்காத வகை சோப்புப் பொருள் கொஞ்சம்தான் இருக்கும். அழுக்கை எடுப்பது வேறு சரக்கு.

பொடியில் பெரும்பங்கு சலவைச் சோடா. அது தண்ணீரின் காரத்தன்மையை, அதாவது பிஎச் அளவை, 10, 11 வரை ஏற்றி எண்ணெய்ப் பிசுக்கைக் கழற்றும். சிட்ரேட் போன்ற உப்புகள் கடினநீரின் கால்சியத்தைக் கட்டிப்போடும். முன்பு இந்த வேலையைப் பாஸ்பேட் செய்தது. நீர்நிலைகளில் பாசி பெருகுவதால் ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் அதைக் கடுமையாகக் குறைத்துவிட்டது. பெர்கார்பனேட் தண்ணீர் பட்டதும் ஹைட்ரஜன் பெராக்சைடை வெளியிட்டுத் தேநீர்க் கறையை வெளுக்கும். அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தையும், புரோட்டியேஸ் புரதத்தையும் துண்டாக்கும்.

நொதிகளுக்குச் சூடும் நேரமும் வேண்டும். ‘ஈகோ’ ஓட்டம் மூன்று மணி நேரம் இழுப்பது பழுதல்ல. சுமார் 50 டிகிரியில் அவற்றுக்கு அவகாசம் கொடுக்கிறது. காய்ந்த பருக்கையை அரைமணி ஓட்டத்தில் போட்டால் அப்படியே திரும்பி வரும். மிச்சத்தை வழித்துக் கொட்டினால் போதும், முன்கூட்டியே அலசத் தேவையில்லை.

பொடிக்குப் பதில் அதை அழுத்திச் செய்த மாத்திரையைப் போடுவதானால் ஈரக் கையால் தொடாதீர்கள், அதன் மேலுறை தண்ணீரில் கரைவது. கதவிலுள்ள, மூடி போட்ட பொடி அறையில்தான் வையுங்கள். இயந்திரத்தின் அடியில் போட்டால் முதல் அலசலிலேயே பாதி போய்விடும். ஓட்டம் முடிந்தும் மாத்திரை கரையாமல் கிடந்தால், பெரும்பாலும் உயரமான தட்டு ஒன்று அறையின் மூடியைத் தடுத்திருக்கும்.

அடியில் உப்பு அறை உள்ள இயந்திரங்களில் டிஷ்வாஷர் உப்பே வேண்டும். அது பாத்திரத்தைக் கழுவ அல்ல, தண்ணீரை மென்மையாக்கும் பிசின் மணிகளைப் புதுப்பிக்க. சமையல் உப்பின் கட்டிதடுப்புப் பொருள் அங்கே அடைத்துக்கொள்ளும். கதவிலுள்ள இன்னொரு சிறு அறைக்கு ரின்ஸ் எய்ட் என்ற திரவம். தண்ணீர் துளியாக நிற்காமல் வழிய அது உதவும்.

கண்ணாடியில் வெண்மை படிந்தால் வினிகர் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். போய்விட்டால் சுண்ணாம்புப் படிவு: உப்பு தீர்ந்திருக்கும், அல்லது இயந்திரத்தில் கடினநீர் அளவு தவறாக அமைக்கப்பட்டிருக்கும். போகவில்லையென்றால் கண்ணாடியே அரிபட்டிருக்கிறது, அதற்கு மருந்தில்லை. மென்நீர் ஊர்களில் பொடியைக் குறைத்து, சூட்டையும் இறக்குங்கள்.

அலுமினியம் இந்தக் காரத்தில் கறுத்துவிடும். பித்தளை, இரும்புக் கல், மரக்கரண்டி எதையும் போட வேண்டாம்.

பொடி, மாத்திரை இரண்டும் குழந்தைகளின் வாயையும் கண்ணையும் புண்ணாக்கும் சரக்கு. எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், வாயைக் கழுவி உடனே நச்சுத் தகவல் மையத்தையோ அவசர உதவியையோ அழையுங்கள்.