கமகுரா மலைத்தடத்தில் ஒரு நாள்: கைடு இருந்தும் நடக்கும் தவறுகள்

டோக்கியோவுக்குத் தெற்கே ஒரு மணி நேர ரயில் தூரத்தில் இருக்கிறது கமகுரா. மூன்று பக்கம் குன்றுகள், தெற்கே கடல். 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் சாமுராய்த் தலைவர் மினமோதோ நோ யோரிதோமோ தன் ஆட்சிக்கு இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த இயற்கை அரணும் ஒரு காரணம். அந்தக் குன்றுகளின் மேலேதான் இன்றைய நடைத்தடங்கள் போகின்றன. முதல்முறை வருபவர்களுக்கு ஏற்றது, கிதா கமகுராவில் தொடங்கிப் பெரிய புத்தர் சிலையருகே இறங்கும் தைபுத்சு தடம். நீளம் சுமார் 3 கிலோமீட்டர், உயரம் கிட்டத்தட்ட நூறு மீட்டர். இந்த இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

தாமதமாகக் கிளம்புவது

தடத்தை மட்டும் நடந்தால் ஒன்றரை மணி நேரம் போதும். அதை நம்பி ஹோட்டலில் நிதானமாகக் காலை உணவை முடித்து 11 மணிக்கு வந்து இறங்குபவர்கள் நிறைய. இந்த நாளின் நீளத்தை முடிவு செய்வது கோயில் கதவுகள்தான், கிலோமீட்டர் கணக்கு உதவாது. எங்ககுஜி கோயில் மார்ச் முதல் நவம்பர் வரை மாலை 4:30க்கும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை 4 மணிக்கும் மூடும். பணம் கழுவும் ஆலயம் என்று பெயர்பெற்ற ஜெனியராய் பென்தென் 4:30 வரைதான். டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் மறைவதும் ஏறக்குறைய அதே நேரம். மரங்களுக்கு அடியில் அதற்கு அரை மணி முன்பே கண் தெரியாது.

நடைமுறைக்கு ஒத்துவரும் கணக்கு இது: காலை 8:30க்கு கிதா கமகுரா நிலையம். ஒன்பதரை வரை எங்ககுஜி. பத்தேகால் வரை ஜோசிஜி கோயில். அங்கிருந்து காட்டுப்பாதையில் ஏறி 11 மணிக்குக் குசுஹராவோகா ஆலயம். 12 மணிக்குள் ஜெனியராய் பென்தென். கெஞ்சியாமா பூங்காவில் சாப்பாடு. ஒரு மணி வாக்கில் மீண்டும் தடத்துக்கு வந்தால் இரண்டு மணிக்குப் பெரிய புத்தர், மூன்று மணிக்கு ஹாசேதெரா கோயில். இதற்குள் கென்சோஜி கோயிலையும் த்சுருகாவோகா ஹாச்சிமங்கூ ஆலயத்தையும் நுழைக்கப் பார்க்காதீர்கள். இரண்டும் ஊரின் வேறு பக்கம். அவற்றுக்கு இன்னொரு நாள் ஒதுக்குங்கள். 1282இல் அன்றைய ஆட்சியாளர் ஹோஜோ தோகிமுனே, மங்கோலியப் படையெடுப்பில் இறந்த இரு தரப்பினருக்காகவும் கட்டிய எங்ககுஜியை இருபது நிமிடத்தில் ஓடி முடிப்பதற்குப் போகாமலே இருக்கலாம். அங்கே 1301இல் வார்த்த பெரிய மணி, செங்குத்தான படிகளுக்கு மேலே இருக்கிறது. அவசரக்காரர்கள் அந்தப் படியைப் பார்த்ததுமே திரும்பிவிடுகிறார்கள்.

ரயிலில் நடக்கும் இரண்டு தவறுகள்

டோக்கியோவின் ஷின்ஜுகுவிலிருந்து ஷோனான் ஷின்ஜுகு ரயிலில் வருபவர்கள் 'ஸுஷி' போகும் வண்டியா என்று பார்க்க வேண்டும். ஒதவாரா பக்கம் போகும் வண்டி கிதா கமகுராவைத் தொடாது. தெரியாமல் ஏறிவிட்டால் ஓஃபுனாவில் இறங்கி யோகோசுகா தட ரயிலுக்கு மாறுங்கள், அடுத்த நிலையமே கிதா கமகுரா. இரண்டாவது, நான்காம் ஐந்தாம் பெட்டிகள். அவை கிரீன் கார் என்ற உயர்வகுப்பு, தனிக் கட்டணம். இருக்கை காலியாக இருக்கிறதே என்று உட்கார்ந்தவர்களிடம் டிக்கெட் பரிசோதகர் பணிவாக வந்து கூடுதல் பணம் வாங்கிப் போவார்.

கைடை அமர்த்தும்போது கேட்காமல் விடுவது

ஜப்பானில் 2018 ஜனவரி முதல் உரிமம் இல்லாதவரும் கட்டணம் வாங்கிக்கொண்டு சுற்றுலாப் பயணிகளுக்கு வழிகாட்டலாம். அதனால் 'கைடு' என்று போட்டிருப்பதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தேசியத் தேர்வில் தேறியவர்களிடம் பதிவு அட்டை இருக்கும், கேட்டால் காட்டுவார்கள். அது வரலாறும் மொழியும் தெரியும் என்பதற்குச் சான்று. மழைநாளில் சேற்றுப் பாதையில் ஒரு குழுவைக் கொண்டுபோகத் தெரியும் என்பதற்குச் சான்றாகாது. அதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்: இந்தத் தடத்தில் அண்மையில் எப்போது நடந்தீர்கள்? மழை வந்தால் மாற்றுப் பாதை எது, அதை யார் எப்போது முடிவு செய்வார்கள்? 'ஐந்து மணி நேரம்' என்பது நடை மட்டுமா, சாப்பாடும் சேர்த்தா? கோயில் நுழைவுக் கட்டணம் இதில் அடக்கமா? எத்தனை பேர்? பத்துப் பேரைத் தாண்டினால் ஒற்றையடிப் பாதையில் கடைசி ஆளுக்குக் கைடின் குரல் கேட்காது.

தன்னார்வக் கைடுகளும் உண்டு. ஊதியம் வாங்க மாட்டார்கள். ஆனால் அவர்களுடைய போக்குவரத்துச் செலவு, நுழைவுக் கட்டணம், மதியச் சாப்பாடு மூன்றையும் பொதுவாக நாம்தான் ஏற்க வேண்டும். இலவசம் என்று நினைத்து வந்துவிட்டு டிக்கெட் ஜன்னலில் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும் சங்கடம் வேண்டாம். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. நோட்டை நீட்டினால் கைடுதான் தர்மசங்கடப்படுவார். கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் ஊரிலிருந்து கொண்டுபோன இனிப்புப் பெட்டி ஒன்று போதும். நேரம் விஷயத்தில் சலுகை எதிர்பார்க்காதீர்கள். 8:30 என்றால் 8:25க்கு நிலைய வாசலில் நிற்க வேண்டும்.

பாதையைக் குறைத்து எடைபோடுவது

கமகுராக் குன்றுகள் மிருதுவான மண்பாறையால் ஆனவை. வெட்டச் சுலபம் என்பதால்தான் அந்தக் காலத்தில் பாறையை அறுத்துக் கணவாய்ச் சாலைகளும், 'யாகுரா' என்ற குகைக் கல்லறைகளும் குடைந்தார்கள். அதே குணம் இன்று நடப்பவர்களைச் சறுக்கவிடுகிறது. மழை நின்று ஒரு நாள் ஆனபின்னும், நிழலில் இருக்கும் பாறை சோப்புப் போட்ட தரையாகவே கிடக்கும். ஜோசிஜிக்குப் பக்கத்தில் தொடங்கும் ஏற்றத்தில் பாதை முழுக்க மரவேர்கள் புடைத்து நிற்கும். ஆயிரக்கணக்கான கால்கள் பட்டு அவற்றின் பட்டை தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. வேர்மேல் மிதிக்காதீர்கள், வேர்களுக்கு நடுவே உள்ள மண்ணில் பாதத்தை முழுதாகப் பதியுங்கள். இறக்கத்தில் எட்டி வைக்காமல் சின்னச் சின்ன அடியாக, செங்குத்தான இடத்தில் உடலைப் பக்கவாட்டில் திருப்பி இறங்க வேண்டும். கடைசியில் சாலைச் சுரங்கத்தருகே இறங்கும் படிகளில்தான் அதிகம் விழுகிறார்கள். கால் சோர்ந்திருக்கும், புத்தரைப் பார்க்கும் அவசரமும் சேர்ந்துகொள்ளும்.

அதற்காகக் கணுக்கால் வரை கயிறு கட்டும் கனத்த பூட்ஸ் தேவையில்லை. கோயில் மண்டபத்துக்குள் போகும்போதெல்லாம் காலணியைக் கழற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் கயிறு அவிழ்த்தால் குழு முழுவதும் காத்திருக்கும். அடிப்பாகத்தில் ஆழமான பள்ளங்கள் உள்ள, சுலபமாகக் கழற்றி மாட்டக்கூடிய தாழ்வான ஷூ சரி. ஓட்டை இல்லாத சாக்ஸ் இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். ஈர சாக்ஸோடு தத்தாமிப் பாய்மேல் ஏறக்கூடாது. ஊன்றுகோல் கொண்டுபோனால் முனையில் ரப்பர் மூடி கட்டாயம், இல்லையென்றால் பாறையும் வேரும் குத்துப்பட்டுப் பாதை சீக்கிரம் அரித்துப் போகும்.

2019 செப்டம்பர் சூறாவளியில் இந்தத் தடங்களில் ஏராளமான மரங்கள் சாய்ந்து, பாதைகளை மூட வேண்டியிருந்தது. இன்றும் பெருமழைக்குப் பின் சில பகுதிகளை அடைத்துவிடுவார்கள். முந்தைய நாள் இரவு கமகுரா நகராட்சியின் இணையதளத்தைப் பாருங்கள். கட்டியிருக்கும் கயிற்றைத் தாண்டிப் போவது கைடே சொன்னாலும் கூடாது.

ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை ராட்சதக் குளவிகள் மூர்க்கமாக இருக்கும் காலம். கறுப்பு உடையும் வாசனைத் தைலமும் அவற்றை இழுக்கும். நம்மவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும், கருங்கூந்தலும் கறுப்பில் சேர்ந்ததுதான். வெளிர்நிறத் தொப்பி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு குளவி சுற்றினால் கையை வீசாமல், குனிந்து, வந்த வழியே மெல்லப் பின்வாங்க வேண்டும். கரடிக்குப் பயந்து பையில் மணி கட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு. கமகுராவில் கரடி இல்லை. ஜென் கோயிலுக்குள் அந்த மணி கிணுகிணுத்தால் மற்றவர்களுக்கு எரிச்சல்தான் மிச்சம்.

ஆலயத்தையும் கோயிலையும் ஒன்றாக நடத்துவது

இரு தூண்மேல் குறுக்குச் சட்டம் வைத்த தோரி வாசல் இருந்தால் பெரும்பாலும் ஜப்பானின் சொந்த மதமான ஷின்டோவின் ஆலயம். கூரை போட்ட பெரிய மரக்கோபுர வாசலும் ஊதுவத்திப் புகையும் என்றால் பௌத்தக் கோயில். ஆலயத்தில் இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒரு முறை குனிந்து வணங்குவார்கள். பௌத்தக் கோயிலில் கைதட்டக்கூடாது. நாம் கும்பிடுவது போலவே கைகூப்பினால் போதும். தோரியில் நுழையும்போது நடுவழி தெய்வத்துக்கு, ஓரமாக நடக்க வேண்டும். கோயில் வாசலில் நிலைப்படியை மிதிக்காமல் தாண்டிப் போவது நமக்குச் சொல்லித்தர வேண்டாத பழக்கம்.

கை கழுவும் தொட்டியில் அகப்பையை வாயில் வைத்துக் குடிப்பவர்களைப் பார்த்தால் கைடுகள் பதறிப்போவார்கள். வலக்கையால் ஒரு அகப்பை மொண்டு, இடக்கையைக் கழுவி, கை மாற்றி வலக்கையைக் கழுவி, இடக்கையில் ஊற்றிய நீரால் வாய் கொப்பளித்து, மீண்டும் இடக்கையைக் கழுவி, மிச்ச நீர் பிடிவழியே ஓடும்படி அகப்பையைச் சாய்த்துவிட்டு வைக்க வேண்டும். எல்லாம் அந்த ஒரே அகப்பைத் தண்ணீரில். அகப்பை இல்லாத இடத்தில் ஓடும் நீரில் கையை மட்டும் கழுவினால் சரி.

ஜெனியராய் பென்தென் தமிழர்கள் கொஞ்சம் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டிய இடம். பென்ஸாய்தென் வேறு யாருமில்லை, பௌத்தத்தோடு சீனா வழியே ஜப்பான் போய்ச் சேர்ந்த நம் சரஸ்வதிதான். கையில் வீணைக்குப் பதில் பிவா என்ற தந்தி வாத்தியம். இங்கே அவளோடு பாம்புடல் கொண்ட உகாஜின் என்ற தெய்வமும் சேர்ந்திருக்கிறது. பாறையைக் குடைந்த சுரங்கத்தில் நுழைந்து உள்ளே போனதும் நேராகக் குகைக்கு ஓடிப் பணத்தை நனைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. முதலில் அலுவலகத்தில் மெழுகுவத்தியும் ஊதுவத்தியும் வாங்கிக்கொண்டு ஒரு சின்ன மூங்கில் கூடையை எடுங்கள். உங்கள் மெழுகுவத்தியை அங்குள்ள விளக்கில் ஏற்றுங்கள், இன்னொருவர் வைத்த மெழுகுவத்தியில் ஏற்றக்கூடாது. முதன்மைச் சன்னிதியில் வணங்கிய பிறகே குகை. கூடையில் காசைப் போட்டு, ஊற்று நீரை அகப்பையால் மெல்ல ஊற்ற வேண்டும். நோட்டு என்றால் ஓரத்தில் நாலு சொட்டு போதும். கிரெடிட் கார்டை நனைப்பவர்களும் இருக்கிறார்கள், சிப் பாவம். கழுவிய பணத்தைப் பூஜை அறையில் பத்திரப்படுத்தக்கூடாது. செலவழித்தால்தான் பெருகும் என்பது அங்குள்ள நம்பிக்கை.

இந்த ஆலயம் தடத்திலிருந்து விலகி, சரிவான தார்ச்சாலையின் கீழே இருக்கிறது. இறங்கினால் திரும்ப ஏற வேண்டும் என்பதை நேரக் கணக்கில் சேர்க்க மறக்கிறார்கள். ஏறத் தயங்கி நகரத்துக்குள் நடந்துவிட்டால் தடத்தின் அழகான பின்பாதி போய்விடும்.

கோயில்களில் முத்திரையும் தூரிகை எழுத்துமாகத் தரும் கோஷுயின் வேண்டுமென்றால், அதற்கென்று விற்கும் தனிப் புத்தகம் வாங்குங்கள். பள்ளி நோட்டையோ பயண டைரியையோ நீட்டினால் மறுப்பார்கள். வணங்கிய பிறகே வாங்க வேண்டும், சில்லறையாகக் கொடுக்க வேண்டும், எழுதும்போது படம் எடுக்கக்கூடாது.

வயிறு, குப்பை, பருந்து

தடத்தில் கடைகளை நம்பாதீர்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், ஜூலை ஆகஸ்டில் ஒன்றரை. கழிப்பறை கெஞ்சியாமா பூங்காவில் இருக்கிறது. அதை விட்டால் கீழே இறங்கும்வரை தேட வேண்டாம். சைவம் சாப்பிடுபவர்கள் 'காய்கறி சூப்' என்ற பெயரை நம்பி ஏமாறுவார்கள், அடிச்சாறு பெரும்பாலும் மீன். துறவிகளின் ஷோஜின் உணவில் கடற்பாசியும் காளானும் கொண்டு சாறு எடுப்பார்கள், ஆனால் பல இடங்களில் முன்பதிவு வேண்டும். எளிய வழி, டோக்கியோவிலேயே உமேபோஷி என்ற உப்பிட்ட புளிப்புப் பழம் வைத்த ஒனிகிரி (சோற்று உருண்டை) வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது. அதன் உள்ளடக்கப் பட்டியலிலும் மீன் இல்லையா என்று கைடிடம் கேட்டுவிடுங்கள். உறைகளைத் திருப்பி எடுத்துப் போக ஒரு பை வேண்டும், வழியில் குப்பைத்தொட்டி கிடையாது. கூட்டத்தில் நடந்துகொண்டே சாப்பிடுவதைத் தவிர்க்கும்படி 2019 முதல் நகராட்சி விதியே இருக்கிறது. அபராதம் இல்லை, முறைப்புகள் உண்டு. கடற்கரை பக்கம் வந்தால் பருந்துகள் பின்னாலிருந்து பாய்ந்து கையிலிருப்பதைப் பறிக்கும். சுவரில் முதுகைச் சாய்த்தோ கூரைக்கடியிலோ உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

பெரிய புத்தரிடம் வந்தபின்

1252இல் தொடங்கிய இந்த வெண்கல அமிதா புத்தர் சிலை, பீடம் நீங்கலாக 11.3 மீட்டர். உடலுக்குள் நுழைய தனியாகச் சிறு கட்டணம், அது வளாகத்துக்கு முன்பே மூடிவிடும். உள்ளே போனால் வார்ப்புகளை அடுக்கடுக்காகப் பிணைத்த மூட்டுகள் தெரியும், அதனால் முதலில் உள்ளே, பிறகு வெளியே படம். ஹாசேதெராவில் கருணைத் தெய்வமான கன்னோனின் 9.18 மீட்டர் மரச்சிலையைப் படமெடுக்கக்கூடாது. ஜூனில் ஹைட்ரேஞ்சியா பூக்கும் பாதைக்குத் தனிச் சீட்டு வேண்டும், காத்திருப்பு நீளும். அந்த மாதம் போகிறவர்கள் நாளைத் தலைகீழாக்கி ஹாசேதெராவில் தொடங்குவது நல்லது.

மாலையில் ஹாசே நிலையத்தில் எனோதென் ரயிலுக்கு வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். இரு திசைக்கும் ஒரே தண்டவாளப் பாதை என்பதால் கூட்டத்துக்கேற்ப வண்டிகளைக் கூட்ட வழியில்லை. கமகுரா நிலையம் அங்கிருந்து அரை மணிக்குள் நடக்கும் சமதளப் பாதைதான்.